இசை நகரங்கள் – 9: வாசலில் விற்ற சீட்டு

சென்ற அத்தியாயத்தில் மாந்துவா அரண்மனையில் நின்றிருந்தோம். 1607இல் அங்கே மொண்டெவெர்டியின் ‘ஓர்ஃபெயோ’ அரங்கேறியபோது உள்ளே இருந்த ஒவ்வொருவரும் அழைக்கப்பட்டு வந்தவர். அதற்கு ஏழு ஆண்டு முன்னால் ஃப்ளாரன்ஸில் ‘எவுரிதீச்சே’ பாடப்பட்டது. மரியா தெ மெதிச்சிக்கும் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த கல்யாணக் கொண்டாட்டத்தில் அதுவும் ஒரு நிகழ்ச்சி. இரண்டு இடத்திலும் செலவு கருவூலத்துடையது. பார்த்தவர்கள் கைதட்டக் கடமைப்பட்டவர்கள். நன்றாக இல்லை என்று ஒருவர் எழுந்து போயிருந்தால் அவர் போக வேண்டியது வீட்டுக்கு அல்ல, ஊரை விட்டே.

முப்பது ஆண்டு கழித்து, 1637 கார்னிவலின்போது, வெனிஸ் நகரின் சான் கசியானோ அரங்கில் ‘ஆந்த்ரோமெதா’ என்ற ஓபரா நடந்தது. வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்து சீட்டு விற்றார். காசு கொடுத்தவர் உள்ளே போனார். உலகில் ஓபராவுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஓபரா ஃப்ளாரன்ஸில் பிறந்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். சரிதான். ஆனால் இன்று ஓபரா என்றால் நம் மனத்தில் எழும் உருவம் வெனிஸில் உருவானது. நட்சத்திரப் பாடகி, அவளுக்காகவே எழுதிய தனிப்பாட்டு, காதலும் கள்ளமும் கலந்த கதை, நடுநடுவே சிரிப்பு, கண்ணெதிரே மாறும் சீன் எல்லாம் அந்த ஊரின் சரக்கு. அதை உருவாக்கியது எந்த மேதையின் கனவும் அல்ல, வாசலில் விற்ற அந்தச் சீட்டுதான் என்பது என் கட்சி. இந்த அத்தியாயத்தில் பாட்டைவிடக் கணக்கு வழக்கு கூடுதலாக வந்தால் அதற்குக் காரணம் இதுவே.

முதலில், ஏன் வெனிஸ்?

அங்கே ராஜா இல்லை. தோஜே என்ற தலைவர் உண்டு. ஆனால் அவர் தன் மகள் கல்யாணத்துக்குக் கருவூலத்தைத் திறந்து ஓபரா போட முடியாது. அதிகாரம் சில நூறு பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்தது. அந்தக் குடும்பங்கள் வியாபாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஊறியவை. கிழக்குக் கடல் வாணிபம் கை நழுவத் தொடங்கிய பிறகு அவர்கள் பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் போட்டார்கள். நாடகக் கொட்டகையும் அப்படி ஒரு கட்டடம். ட்ரோன் குடும்பத்துக்கு சான் கசியானோ, கிரிமானி குடும்பத்துக்கு சாந்தி ஜியோவான்னி எ பாவ்லோ. அந்தந்த வட்டாரத்து மாதா கோயிலின் பெயரையே கொட்டகைக்கும் வைத்தார்கள். புனிதர் பெயர் தாங்கிய கூடங்களில் அதன்பின் நடந்த கூத்துகளைப் பற்றி அந்தப் புனிதர்களின் அபிப்பிராயம் நமக்குக் கிடைக்கவில்லை.

கொட்டகைகள் முன்பே இருந்தன. அவற்றில் கோமாளி நாடகங்கள் நடந்துவந்தன. பிறகு 1630இல் கொள்ளைநோய் வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் நகரில் சுமார் 46,000 பேர் செத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு மக்கள். கிராண்ட் கால்வாயின் முகப்பில் இன்று எல்லாரும் படம் எடுக்கும் சாந்தா மரியா தெல்லா சலூத்தே கோயில் அந்த நோயிலிருந்து காப்பாற்றச் சொல்லி நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன். நோய் போனபின் ஊர் மறுபடி கார்னிவலுக்குத் திரும்பியது. டிசம்பர் 26இல் தொடங்கித் தவக்காலத்துக்கு முந்திய நாள் வரை நீளும் பருவம் அது. முகமூடி போட்டுக்கொண்டால் பிரபு யார், வெளியூர் வியாபாரி யார் என்று தெரியாது. ஐரோப்பாவெங்கிலும் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். கையில் காசு, இரவில் வேலையில்லை. ஒரு கொட்டகை முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

1636இல் ட்ரோன் குடும்பம் தீயில் போன தன் கொட்டகையை மறுபடி கட்டி, இம்முறை இசை நாடகத்துக்கென்றே அரசின் அனுமதியும் வாங்கியது. அதே ஆண்டு பக்கத்து ஊரான படோவாவில் ஓர் இசை விழாவில் பாடியிருந்த ஒரு குழு தயாராக நின்றது. பாட்டெழுதியவர் பெனெதெத்தோ ஃபெராரி. தியோர்போ என்ற நீண்ட கழுத்துள்ள வீணை வகை வாத்தியத்தில் வித்வான். இசையமைத்தவர் ரோம் பக்கத்து ஆள், ஃபிரான்செஸ்கோ மனெல்லி. அவர் மனைவி மத்தாலேனா ஆந்த்ரோமெதா வேடம் கட்டினார். குழுவில் அவர் ஒருவரே பெண். மற்றப் பெண் வேடங்களைக் காஸ்த்ராட்டோக்கள் பாடினார்கள். குரல் உடையாமல் இருப்பதற்காகச் சிறு வயதிலேயே விதை நீக்கப்பட்ட ஆண் பாடகர்கள் அவர்கள். வேறு சிலர் சான் மார்க்கோ கோயில் பாடகர் குழுவிலிருந்து வந்தவர்கள். காலையில் கோயில், இரவில் கொட்டகை.

நாடகம் நடந்து முடிந்த பிறகு பாட்டுப் புத்தகம் அச்சானது. அதில் பாட்டைக் காட்டிலும் காட்சிகளின் வருணனையே அமர்க்களப்படுகிறது. படுதா விலகியதும் மேடை முழுதும் கடல். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. வெள்ளி உடையில் உஷை மேகத்தில் வருகிறாள். மயில்கள் இழுக்கும் பொன் தேரில் ஜூனோ இறங்குகிறாள். செலவை ஃபெராரியும் கூட்டாளிகளும் தங்கள் கையிலிருந்தே போட்டார்கள் என்று அந்தப் புத்தகம் பெருமையோடு சொல்கிறது. இசைக் குறிப்பு ஒரு தாளும் மிஞ்சவில்லை. உலகின் முதல் டிக்கெட் ஓபராவில் என்ன பாடினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. என்ன காட்டினார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

இனி கணக்குக்கு வருவோம். கொட்டகையின் சுவரோரம் தட்டுத் தட்டாகச் சிற்றறைகள். நம் பழைய சினிமாத் தியேட்டர்களில் ‘பாக்ஸ்’ என்று இருந்ததே, அதன் மூதாதை இதுதான். ஒரு பாக்ஸுக்கு ஆண்டு வாடகை இருபது, இருபத்தைந்து டக்கட். சான் மார்க்கோ கோயிலின் இசைத் தலைவரான மொண்டெவெர்டியின் ஆண்டுச் சம்பளம் 400 டக்கட் என்பதை வைத்து அதன் கனத்தை எடைபோடலாம். பாக்ஸ் எடுத்த குடும்பம் அதைச் சொத்துப்போல் தலைமுறைக்கும் வைத்துக்கொண்டது. அதற்காக வழக்குகள் நடந்தன, பெரிய இடத்துச் சிபாரிசுகள் வந்தன. இதற்கு மேல், வாசலில் ஆளுக்கொரு சீட்டு நான்கு லிரா. அது கைதேர்ந்த கொத்தனாரின் நாள் கூலியைவிட அதிகம். பாக்ஸ்காரர்களும் ஒவ்வோர் இரவும் இந்தச் சீட்டு வாங்கியாக வேண்டும். கீழே தரையில் உட்கார நாற்காலி வேண்டுமென்றால் அதற்குத் தனி வாடகை. ஆகவே ‘பொதுமக்களுக்குத் திறந்த ஓபரா’ என்று புத்தகங்கள் எழுதுவதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்க வேண்டும். கதவு திறந்திருந்தது, கொத்தனார் நுழையவில்லை.

ஆனாலும் மாற்றம் பெரிது. பாக்ஸ் வாடகை பருவம் தொடங்குமுன்பே ஓரளவு கைக்கு வந்துவிடும் வருமானம். நாடகம் விழுந்தாலும் நிற்கும். வாசல் சீட்டு அன்றாடம் ஏறி இறங்கும். கட்டட முதலாளிக்குத் தன் வாடகை கிடைத்துவிடும். நாடகம் விழுந்தால் அடி யாருக்கு? நடுவில் நின்ற காண்ட்ராக்டருக்கு. பாடகரைப் பேசி முடிப்பது, இசைக்கு ஆள் பிடிப்பது, தச்சரையும் தையல்காரரையும் மேய்ப்பது, மெழுகுவர்த்தி வாங்குவது எல்லாம் அந்த மனிதரின் தலையில். வெனிஸ் ஓபராவின் கதையில் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் கொண்டாடுகிறோம். இந்தக் காண்ட்ராக்டர்களைக் கேட்பார் இல்லை. ஒருவரைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

சான் கசியானோவின் கூட்டத்தைப் பார்த்ததும் மற்றக் குடும்பங்கள் சும்மா இருக்குமா? 1639இல் கிரிமானிகள் தங்கள் கொட்டகையை ஓபராவுக்குத் திறந்தார்கள். 1640இல் சான் மொய்சே. 1641இல் ‘நோவிஸ்ஸிமோ’. நான்கே ஆண்டில் நான்கு கொட்டகை. அத்தனையும் கால்வாய்க்குக் கால்வாய் நடந்தே போகும் தூரத்தில். ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கதை, புதுப் பாட்டு. சென்ற வருடத்தது பழசு.

இந்தப் பந்தயத்துக்கு மொண்டெவெர்டி தாமதமாகத்தான் வந்தார். மாந்துவாவில் வேலை போய், 1613இல் வெனிஸுக்கு வரும் வழியில் வழிப்பறிக்காரர்களிடம் கைப்பணத்தையும் பறிகொடுத்து, சான் மார்க்கோவில் அமர்ந்தவர். 1632இல் குருப்பட்டமும் வாங்கியிருந்தார். ‘ஆந்த்ரோமெதா’ நடந்தபோது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. 1640இல் பழைய ‘அரியான்னா’வைத் தூசி தட்டிக் கொடுத்தார். பிறகு ‘உலிஸ்ஸே’. பிறகு 1643இல், அவர் சாகும் ஆண்டில், ‘பொப்பேயாவின் முடிசூட்டு விழா’.

அந்தக் கிழவர் ஏன் அதை எழுதினார் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. கதை இது: ரோமச் சக்கரவர்த்தி நீரோ, பட்டத்தரசி ஒத்தாவியாவைத் துரத்திவிட்டுக் காதலி பொப்பேயாவை அரியணையில் ஏற்றுகிறான். குறுக்கே பேசிய கிழ ஆசான் செனெகாவைச் சாகச் சொல்கிறான். கடைசியில் தப்பு செய்தவர்கள் இருவரும் கட்டிப்பிடித்தபடி பாட, படுதா விழுகிறது. தண்டனை கிடையாது. அரண்மனையில் இப்படி ஒரு கதையை எவனாவது போட்டிருக்க முடியுமா? ராஜாவின் முன்னால் ராஜாவைக் காமுகனாகவும் கொலைகாரனாகவும் காட்டி, காவலுக்கு நிற்கும் இரண்டு சிப்பாய்களை விட்டு அவனைத் திட்டவும் வைப்பதா? வெனிஸில் முடிந்தது. அங்கே பார்த்தவர்களுக்கு மன்னராட்சியின் அழுகல் ருசியான தீனி. பாட்டெழுதிய ஜியோவான்னி ஃபிரான்செஸ்கோ புசெனெல்லோ தொழிலால் வழக்கறிஞர். எதையும் நம்பாதவர்கள் என்று பெயர் வாங்கிய ‘இன்கோஞ்னித்தி’ என்ற அறிஞர் குழாமைச் சேர்ந்தவர். அதுவரை ஓபரா என்றால் பெரும்பாலும் தேவர்களும் கந்தர்வர்களும்தான்; சரித்திர மனிதர்களை மேடையேற்றிய முதல் ஓபராக்களில் ஒன்று இது.

மொண்டெவெர்டிக்கு இதில் பழைய ஆசை ஒன்று நிறைவேறியது. 1616இலேயே, கடல் தேவதைகளும் காற்றுகளும் பாடும் ஒரு பாட்டுக் கதையைத் தனக்கு அனுப்பியபோது அவர் கடிதத்தில் சலித்துக்கொண்டிருக்கிறார்: அரியான்னா மனத்தைத் தொட்டாள் என்றால் அவள் பெண் என்பதால், ஓர்ஃபெயோ தொட்டான் என்றால் அவன் மனிதன் என்பதால், காற்றுக்கு நான் என்ன இசை போடுவது என்ற பொருளில். ‘பொப்பேயா’வில் காற்று எதுவும் பாடவில்லை. ஒரு செவிலித்தாய் இருக்கிறாள், ஆண் பாடகர் ஸ்திரீபார்ட் கட்டிப் பாடும் கிழவி. தன் எஜமானி ராணியாகப் போகிறாள் என்றதும், நேற்றுவரை தன்னை வா போ என்றவர்கள் நாளை எப்படிக் குழைவார்கள் என்று அவள் பாடும் இடத்தில் கொட்டகை எப்படிச் சிரித்திருக்கும் என்பதைக் கற்பனை செய்யலாம். அதை ஒட்டிய காட்சியிலேயே ஒத்தாவியா நாடு கடத்தப்படும் புலம்பல். அதில் முதல் சொல் வாயில் வராமல் விக்கி விக்கி நிற்கும். சிரிப்பையும் அழுகையையும் இத்தனை பக்கத்தில் வைத்தது காசு கொடுத்தவர்களின் பொறுமை அறிந்த கை.

ஒரு சங்கடமும் உண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் இரண்டு கைப்பிரதிகளும், வெனிஸில் ஒன்று, நேப்பிள்ஸில் ஒன்று, அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. வேறு கைகள் இசையில் புகுந்திருக்கின்றன. உலகம் மயங்கும் அந்தக் கடைசி ஜோடிப் பாட்டுக்கூட அவருடையதாக இல்லாமல் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் பேச்சு. ஃபெராரியின் பெயரும் சாக்ராத்தி என்ற இசையமைப்பாளரின் பெயரும் அடிபடுகின்றன. எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை. ஒப்பந்த நாளுக்குள் சரக்கு தர வேண்டிய பட்டறை அது. ஒருவர் முடிக்காததை இன்னொருவர் முடிப்பார்.

அந்த ஒத்தாவியா வேடத்தைக் கட்டியவர் ஆன்னா ரென்சி. ரோமிலிருந்து வந்தவர், ஓபரா உலகின் முதல் பெரிய நட்சத்திரம் என்று இவரைச் சொல்வதில் தப்பில்லை. நோவிஸ்ஸிமோ 1641இல் ‘லா ஃபிந்தா பாத்ஸா’ என்ற ஓபராவோடு திறந்தபோது பைத்தியம் பிடித்தவள்போல் நடிக்கும் நாயகி வேடம் அவருக்கு. ஊர் அவருக்குப் பைத்தியமானது. 1644இல் அவரைப் புகழ்ந்து ஒரு தனிப் புத்தகமே அச்சிட்டார்கள். அவருடைய ஒப்பந்தம் ஒன்று மிஞ்சியிருக்கிறது: ஒரு பருவத்துக்கு 500 வெள்ளி ஸ்குதி, உடை கொட்டகை செலவு, அவர் வீட்டாருக்கென ஒரு பாக்ஸ், காய்ச்சலில் விழுந்தாலும் பாதிப் பணம். சினிமா நட்சத்திரத்தின் வக்கீல் இன்றைக்கு எழுதினாலும் இதற்கு மேல் என்ன சேர்ப்பார்? இசையமைத்தவருக்கு இதில் ஒரு பங்குதான் கிடைத்தது. கூட்டம் பெயரைச் சொல்லி வந்தது பாடகிக்காக. காண்ட்ராக்டர் கூட்டம் பார்த்துக் காசு கொடுத்தார்.

பாடகருக்குப் போன பணம் எங்கிருந்தோ குறைய வேண்டுமே! அதுதான் இசையையே மாற்றிவிட்டது. மாந்துவாவில் ‘ஓர்ஃபெயோ’வுக்கு நாற்பது வாத்தியம் வரை இருந்தது, வெனிஸ் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர். சில வயலின், இரண்டு மூன்று ஹார்ப்சிகார்டு, தியோர்போ. கோரஸ் என்ற கூட்டுப் பாட்டு கிட்டத்தட்ட மறைந்தே போனது. பெரிய மேளம் போனதும் குரல் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்க நேர்ந்தது. ஆகவே மெட்டு கூர்மையானது, தனிப்பாட்டு பெருகியது. நூறு ஆண்டு ஐரோப்பிய இசையின் திசையைத் தீர்மானித்த ஒரு மாற்றம் செலவைக் குறைக்கும் கணக்கில் பிறந்தது.

மிச்சம் பிடிக்காத ஒரே இனம் காட்சி ஜோடனை. நோவிஸ்ஸிமோவில் ஜாகொமோ டொரெல்லி என்ற எஞ்சினியர் இருந்தார். மேடையின் இருபுறத் தட்டிகளையும் கீழே ஒரே உருளையோடு கயிற்றால் பிணைத்து, எதிர் எடையை விடுவித்தால் எல்லாத் தட்டியும் ஒரே நொடியில் இடம் மாறும்படி செய்தார். ஒரு சிறுவன் போதும், காடு அரண்மனையாகிவிடும். 1645 ஜூனில் வெனிஸ் வந்த ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர், சீன் பதின்மூன்று முறை மாறியது, ஆன்னா ரென்சி பாடினார், இரவு இரண்டு மணி வரை கண்ணும் காதும் அகலவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதே ஆண்டு டொரெல்லியைப் பாரிஸ் இழுத்துக்கொண்டது. அதே ஆண்டு துருக்கியரோடு கிரீட் தீவுக்கான போர் வெடித்தது. நோவிஸ்ஸிமோ கடனில் மூழ்கி, சில ஆண்டில் இல்லாமலே போனது. நகரிலேயே ஓபராவுக்கென்று புதிதாகக் கட்டிய முதல் கொட்டகை பத்து ஆண்டு தாங்கவில்லை.

மொண்டெவெர்டிக்குப் பின் மேடையை ஆண்டவர் ஃபிரான்செஸ்கோ காவல்லி. பிறந்த ஊர் க்ரேமா, பிறந்த பெயர் கலெத்தி. சிறுவனின் குரலைக் கேட்டு வெனிஸுக்கு அழைத்துவந்த ஃபெதெரிகோ காவல்லி என்ற பிரபுவின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். 1616இல் சான் மார்க்கோவில் பாடகச் சிறுவனாகச் சேர்ந்து, கடைசியில் அதே கோயிலின் இசைத் தலைவர் ஆனார். 1649இல் அவர் போட்ட ‘ஜியாசோனே’ அந்த நூற்றாண்டில் மிக அதிக ஊர்களில் ஆடிய ஓபராக்களில் ஒன்று. ஊர் ஊராகச் சுற்றும் குழுக்கள் அதைத் தென்கோடி வரை கொண்டுபோயின. வீரன் ஜேசன் அதில் தூக்கக் கலக்கத்தில் அறிமுகமாகிறான்; திக்குவாய்க் கூனன் ஒருவன் சிரிக்க வைக்கிறான்.

காவல்லியின் இசை இன்று நம் கையில் இருப்பதற்கு ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1630இல் அவர் மணந்த மரியா சொத்சோமேனோ, சொத்துள்ள விதவை. அவருடைய பணம்தான் காவல்லியைக் கொட்டகைத் தொழிலில் பங்கு போடும் அளவுக்கு நிமிர்த்தியது. அதைவிடப் பெரிது, கணவரின் ஓபராக்கள் பலவற்றை அவரே உட்கார்ந்து பிரதி எடுத்தார். அச்சில் வராத இசை அது. மார்க்கோ கொந்தாரினி என்ற பிரபுவின் சேகரிப்பில் சேர்ந்து, இன்று வெனிஸின் மார்ச்சியானா நூலகத்தில் இருக்கும் தாள்களில் மரியாவின் கையெழுத்து ஓடுகிறது. மற்றவர்களின் மனைவிமார் இப்படிப் பிரதி எடுத்திருந்தால் ‘ஆந்த்ரோமெதா’வும் நமக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ.

இப்போது அந்தக் காண்ட்ராக்டர். ஜியோவான்னி ஃபௌஸ்டினி இளைஞர். காவல்லிக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர். பிறர் கொட்டகைக்கு எழுதுவானேன் என்று சாந்தாபொல்லினாரே என்ற சிறிய அரங்கைத் தானே வாடகைக்கு எடுத்தார். 1651 நவம்பர் 28இல் அங்கே ‘லா கலிஸ்டோ’ திறந்தது. வியாழன் தேவன் தேவதை டயானாவின் உருவெடுத்து அவளுடைய தோழியை ஏமாற்றும் கதை. அழகான இசை, காவல்லியின் உச்சம் அதுதான் என்பது என் தீர்ப்பு. மேடை எந்திரங்களுக்குத் தண்ணீராய்ப் பணம் போயிருந்தது. முதல் நாளுக்குப் பின் முக்கியப் பாடகர் ஒருவர் நோயில் விழுந்து இறந்தார். கூட்டம் வரவில்லை. சுமார் நானூறு பேர் கொள்ளும் அரங்கில் பதினொரு நாள் ஆடி, மொத்தம் ஏறக்குறைய 1,200 பேர் பார்த்தார்கள். நான்கில் ஓர் இருக்கைக்குச் சற்று மேல்தான் நிரம்பியது. பருவம் பாதியில் இருக்கும்போதே, டிசம்பரில், ஜியோவான்னியும் இறந்துபோனார்.

கடனும் கொட்டகையும் அண்ணன் மார்க்கோவின் தலையில் விழுந்தன. மார்க்கோ வழக்கறிஞர், இசைக்கும் அவருக்கும் முன்பு அதிகத் தொடர்பில்லை. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ 1668 வரை, கொட்டகை மாறி மாறி, இந்தத் தொழிலிலேயே கிடந்தார். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்: யார் எந்த பாக்ஸ், யார் பாக்கி, எந்தப் பாடகி ரோமிலிருந்து வர என்ன கேட்கிறாள், தச்சனுக்கு எவ்வளவு, மெழுகுக்கு எவ்வளவு. வெனிஸ் ஆவணக் காப்பகத்தில் அந்தத் தாள்கள் இருக்கின்றன. பெத் கிளிக்ஸன், ஜொனாதன் கிளிக்ஸன் தம்பதி அவற்றை வரிவரியாகப் படித்து எழுதியிராவிட்டால், வெனிஸ் ஓபராவைப் பற்றி நாம் இன்னும் அழகழகான பொய்களை நம்பிக்கொண்டிருப்போம். அந்தத் தாள்களில் லாபக் கணக்கைத் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். காண்ட்ராக்டர்கள் பெரும்பாலும் நட்டப்பட்டார்கள். கட்டட முதலாளியின் வாடகை மட்டும் நின்றதில்லை.

அதற்குப் பிந்திய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1674இல் சான் மொய்சேயில் ஃபிரான்செஸ்கோ சாந்துரீனி என்பவர் துணிந்து சீட்டு விலையைக் கால் டக்கட்டாகக் குறைத்தார், அதாவது நான்கு லிராவிலிருந்து ஒன்றரைக்கு. கூட்டம் பெருகியது, மற்றவர்களும் வழியில்லாமல் இறங்கி வந்தார்கள். வெனிஸ் ஓபராவின் முதல் சரித்திரக்காரர் கிறிஸ்தோஃபொரோ இவானோவிச், 1681இல் வெளியிட்ட நூலில் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார். விவரமறியாத கும்பல் புகுந்துவிட்டதாம். கிரிமானிகள் எதிர்த் திசையில் போனார்கள். 1678இல் சான் ஜியோவான்னி கிரிசோஸ்தொமோ என்ற மகா ஆடம்பரமான கொட்டகையை, மார்க்கோ போலோவின் குடும்பத்து வீடுகள் இருந்த இடத்தில் எழுப்பிப் பழைய விலையிலேயே நின்றார்கள். 1709 டிசம்பர் 26இல் அங்கேதான் ஹாண்டல் என்ற இருபத்து நான்கு வயது ஜெர்மானியரின் ‘அக்ரிப்பீனா’ அரங்கேறி 27 இரவு ஓடியது. அந்தக் கட்டடம் ‘மலிப்ரான்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

சான் கசியானோ இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1812இல் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு மாளிகைத் தோட்டம். ‘லா கலிஸ்டோ’ அந்தப் பதினொரு நாளோடு முந்நூறு ஆண்டுக்கு மேல் மேடை காணாமல் கிடந்து, 1970இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில் ரேமண்ட் லெப்பர்டின் கையால் எழுந்தது. அன்றிலிருந்து உலகெங்கும் ஆடுகிறது. ஒரு சீட்டுக் காசும் ஃபௌஸ்டினி குடும்பத்துக்குப் போகப்போவதில்லை.

அடுத்த அத்தியாயத்திலும் வெனிஸ்தான்: பியெத்தா அனாதை இல்லத்துப் பெண்களும் அவர்களுக்கு வயலின் கற்பித்த செம்பட்டை முடிச் சாமியார் விவால்தியும். அதற்குள், காவல்லியைக் கேட்டறியாத வாசகர்கள் ‘லா கலிஸ்டோ’வில் எந்திமியோனே நிலவைப் பார்த்துப் பாடும் பாட்டை ஒரு முறை கேட்டுவிடுங்கள். அன்றைக்குக் காலியாகக் கிடந்த இருக்கைகள் எதைத் தவறவிட்டன என்பது தெரிந்துவிடும்.